தேன் நிறப் பல்புகள்

"இவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு" என்று ஓரகத்தி மூத்தவள் ஊரெல்லாம் சொல்லிவைத்ததைச் சின்னவளால் மறக்கவே முடியவில்லை. ஒரு கோட்டுக்குத் தப்பான நிறத்தில் நூலைப் போட்டது மூத்தவள். பழி மட்டும் சின்னவள் தலையில். வீட்டு முன்னறையில்தான் அவர்கள் தையல் கடை. பதினோரு வருடம் அங்கே நிறம் பார்த்துத் துணி சேர்த்தவளை ஒரே நாளில் மூலையில் பொத்தான் தைக்க உட்காரவைத்துவிட்டாள்.

பொறுத்துப் போகிற பிறவி இல்லை சின்னவள்.

முன்னறையின் ஒரே ஜன்னலை மூத்தவள் துணி அலமாரியால் அடைத்திருந்தாள். பகலிலும் பல்பு வெளிச்சம்தான். சின்னவள் கண்ணாடிக்குப் பூசும் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கினாள், தேன் நிறத்தில். ஞாயிறுதோறும் ஒரு பல்பைக் கழற்றி, பஞ்சில் தொட்டு மெல்லிசாக ஒற்றி, காயவைத்து மாட்டினாள். ஆறே வாரத்தில் அறைக்குச் சாயங்கால வெயிலின் நிறம் வந்துவிட்டது.

மூத்தவளுக்கு ஒரே பூரிப்பு. "பல்பு பழசாக ஆக வெளிச்சம் கனிஞ்சு வருது பாரேன். கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு!"

"ஆமாக்கா" என்றாள் சின்னவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்த வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுதான். ஓட்டல் ஆட்களுக்கு நாற்பது கருநீலக் கோட்டு ஆர்டர் வந்தபோது, மூத்தவள் கறுப்புத் துணியை உருவி நாற்பது காலரையும் வெட்டித் தள்ளினாள். சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஓட்டல் வாசலில், நல்ல வெயிலில் பெட்டியைப் பிரித்தார்கள். நீலக் கோட்டில் காலர் மட்டும் கறுப்பு. மேனேஜர் மூத்தவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

மூத்தவள் திரும்பி வந்து இரண்டு துணியையும் பல்புக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெளியில வித்தியாசம் தெரிஞ்சுதுடி. உள்ள வந்தா ரெண்டும் ஒண்ணா இருக்கு. என் கண்ணுக்கு என்னடி ஆச்சு?"

சொல்லிவிடலாம். ஒரு பல்பைக் கழற்றி நகத்தால் சுரண்டிக் காட்டினால் போதும். சின்னவள் துணிகளை வாங்கி விரலால் நெருடினாள். கறுப்பு கொஞ்சம் முரடு.

"இது கறுப்பு, இது நீலம். எனக்குப் பளிச்சுன்னு தெரியுதேக்கா."

மூத்தவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கத்தரிக்கோலைத் தானே எடுத்து நீட்டினாள். "இனிமே நீயே பாத்துக்கோ. யார்கிட்டயும் சொல்லிடாதடி."

சின்னவள் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் மூன்று பேரிடம் சொல்லியும்விட்டாள்.