உண்ணி எண்ணெய்

கானகொப்பாவுக்கு வைத்தியம் வந்த கதையைக் கேட்டால் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். மந்திரி வந்து ரிப்பன் வெட்டியதிலிருந்துதான் பலரும் ஆரம்பிப்பார்கள். நர்ஸ் குசுமாவுக்குத் தெரிந்த கதை வேறு. பதினாறு வருஷத்துக்கு முன் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வந்து இறங்கியபோது, கோயில் நெல் அறையின் மூலையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். அதோடு சரி. ஊசி என்றதும் ஆண்கள் பாக்குத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். குரங்குக் காய்ச்சலுக்குப் போடும் ஊசி இரண்டு நாள் கையைத் தூக்கவிடாது. குலை வெட்டுகிற காலத்தில் கை முடங்கினால் பிழைப்பு போயிற்று. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

மரமேறி ஹாலப்பாதான் முதலில் சட்டையைக் கழற்றினான்.

"குத்துங்க நர்ஸம்மா. மரத்துலேருந்து விழுந்தேன்னா மூணு வேளையும் உங்க வீட்லதான் சாப்பாடு."

வரிசை சிரித்தது. சிரித்த வாயோடு முன்னே நகர்ந்தது. பிறகு சுகாதார நிலையம் கட்டக் கல் சுமந்ததும் அவன்தான். பிரசவ வலி கண்ட பெண்களைக் கம்பளியில் தூளி கட்டி, ஓடை தாண்டி, வண்டி நிற்கிற ரோடு வரைக்கும் தூக்கிப் போனதும் அவன்தான். கானகொப்பாவின் வைத்தியத்தில் பாதி ஹாலப்பாவின் தோளில் ஏறித்தான் வந்தது என்பது குசுமாவின் கட்சி.

இந்த வருஷம் சங்கராந்தி கழிந்த வாரம் ஒரு குரங்கு செத்து விழுந்தது. அதுவும் சுகாதார நிலையத்து வாசலில், பலா மரத்தடியில். செத்த குரங்கின் உடம்பிலிருந்து உண்ணிகள் இறங்கி வேறு உடம்பைத் தேடும். அவை கடித்தால் காய்ச்சல். யாரும் தொடக் கூடாது, ஆபீஸுக்குச் சொன்னால் வண்டி வந்து மருந்துப்பொடி தூவி எரித்துவிட்டுப் போகும் என்பது சட்டம். குசுமா தாலுகா ஆபீஸுக்கு போன் போட்டாள். நாளைக்கு என்றார்கள். மறுநாளும் நாளைக்கு என்றார்கள். அந்த ஆபீஸில் நாளைக்கு என்ற நாள் என்றைக்குத்தான் விடிந்திருக்கிறது?

ஊருக்கு அது குரங்கில்லை, மாருதி. பாடை கட்டி, புதுத்துணி போர்த்தி, மேளத்தோடு எடுப்பதுதான் வழக்கம். இரண்டு நாளாக நாய்களை விரட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஹாலப்பா எழுந்து வந்தான்.

"சாமிய இப்படிப் போட்டுட்டு நாங்க வீட்ல சோறு திங்கறதா?"

"தொடக் கூடாதுண்ணா."

"உங்க வண்டி வராது நர்ஸம்மா. உங்களுக்கே தெரியும்."

தெரியும். கடைசியில் அவளே இறங்கி வந்தாள். ஒருவர் மட்டும் தொடட்டும் என்றாள். உண்ணி அண்டாமல் இருக்கத் தடவும் எண்ணெய்ப் புட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

"கழுத்துலேருந்து கால்விரல் வரைக்கும். ஒரு இடம் விடக் கூடாது."

"இந்த வயசுல என்னை மாப்பிள்ளையாக்கறீங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் கண்ணெதிரில் தடவிக்கொண்டு, புட்டியோடு வீட்டுக்குப் போனான். அவள் சிக்னல் தேடி மேட்டுக்குப் போனாள், ஆபீஸுக்கு இன்னொரு முறை சொல்லிப் பார்க்க.

திரும்பி வந்தபோது மேளம் தொடங்கியிருந்தது. ஹாலப்பா ஈர வேட்டியோடு மாருதியைத் தோளில் ஏந்திப் போய்க்கொண்டிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாமியைத் தூக்குகிறவன் குளித்து ஈரத்தோடு தூக்க வேண்டும், உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. பக்கத்து ஊரில் பிறந்த குசுமாவுக்கு இது தெரியாத வழக்கமா? தெரிந்தும் எண்ணெயைக் குளிப்பதற்கு முன்னால் கொடுத்திருந்தாள். நிறுத்தச் சொல்லி வாயெடுத்தாள். ஊரே கைகூப்பி நின்றது. சாமியைக் கீழே போடச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த வருஷத்து ஊசி மருந்து இன்னும் வந்திருக்கவில்லை. போன வருஷத்து ஊசி தாங்கும், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆறாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. கம்பளித் தூளியில் அவனையே போட்டு ஓடை தாண்டினார்கள். தூக்கிப் பழகாதவர்கள், ஆட்டி ஆட்டித்தான் கொண்டுபோனார்கள்.

"மெதுவாடா," என்றான். "எனக்கு இது தலைப்பிரசவம்."

அதுதான் அவன் பேசி குசுமா கடைசியாகக் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் செத்துப்போனான்.

ஊர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோள் கொடுத்தவனை மாருதியே கூப்பிட்டுக்கொண்டார் என்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இப்படியே விட்டால் அடுத்த குரங்கைத் தூக்குகிறவனும் குளித்துவிட்டுத்தான் தூக்குவான். காரியம் முடிந்த மறுநாள் அவன் மனைவி சௌடம்மாவைத் தேடிப் போனாள்.

"அண்ணன் எண்ணெய் தடவிட்டுத்தான் வந்தாரு அக்கா. குளிச்சதுல போயிடுச்சு. குளிச்சப்புறம் தடவுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

பாக்கு உரித்துக்கொண்டிருந்த சௌடம்மாவின் கை நின்றது.

"அவரு எண்ணெயக் கழுவ மாட்டேன்னுதான் சொன்னாரு," என்றாள். "நர்ஸம்மா திட்டுவாங்கன்னாரு. நாந்தான், இந்த நாத்தத்தோடயா சாமியத் தொடுவீங்கன்னு கேட்டேன். முதுகுல சீயக்காய் போட்டுத் தேச்சு விட்டேன். ரெண்டு தரம்."

குசுமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சௌடம்மா அழவில்லை.

சிவராத்திரிக்குப் பிறகு கோயில் பின்னால் இன்னொரு குரங்கு செத்துக் கிடந்தது. ஆபீஸில் நாளைக்கு என்றார்கள். குசுமா எண்ணெய்ப் புட்டியோடு கிணற்றடிக்கு ஓடினாள். தாலி இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத சௌடம்மா அங்கே முன்னமே நின்றிருந்தாள். கையில் ஹாலப்பா மிச்சம் வைத்துவிட்டுப் போன புட்டி. தூக்கப்போகிற மைத்துனன் தலை சொட்டச் சொட்ட எழுந்தான்.

"எண்ணெயோட சாமியத் தொட்டா தீட்டு," என்றார் பூசாரி.

"சாமி என்கிட்ட வந்து கேக்கட்டும். எனக்கும் அதுகிட்ட கேக்க வேண்டியிருக்கு," என்றாள் சௌடம்மா. மைத்துனனைப் பார்த்து, "திரும்பு," என்றாள்.

முதுகு முழுக்கத் தேய்த்தாள். தேய்த்த இடத்திலேயே மறுபடியும் தேய்த்தாள்.