மண்ணூர்பேட்டை மறியலில் சிரித்தவர்கள்

பழக்கதோஷம் என் மானத்தை வாங்கியது தொண்ணூற்று மூன்றாம் வருஷம்.

பாடியில் எனக்கு ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், மஞ்சள் நீராட்டு. அதற்கு முன்பு கேமராவும் கையுமாகத் திரிந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தவன்தான். கடை வைத்ததோடு அது போயிற்று. பன்னிரண்டு வருஷமாக எனக்கென்று ஒரு படம் எடுக்கவில்லை. கை செத்துவிட்டதோ என்ற பயத்தை என் மனைவி புஷ்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

எங்கள் தெருவுக்குப் பத்து நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு மண்ணூர்பேட்டையில் சாலை மறியலுக்குக் கிளம்பினார்கள். புஷ்பா கேமராவை என் கையில் திணித்தாள்.

"தண்ணி ஆபீஸ்ல குடுக்கற மனுவோட போட்டோவும் வெச்சாதான் நம்புவானுங்க. நாங்க எம்மா கோவமா கீறோம்னு தெரியணும். வாய்யா."

"எனக்கு அதெல்லாம் மறந்து போச்சுடி."

"நீயா சொல்லிக்கினு கீற. கெளம்பு."

ரோட்டில் நாற்பது பெண்கள். இரு பக்கமும் பஸ்களும் லாரிகளும் அடைத்து நின்றன. மூடியைக் கழற்றாமலே கேமராவைக் கண்ணில் வைத்தேன். அந்தப் பதற்றத்தில், தினமும் கடையில் சொல்வதை வாய் தானாகச் சொல்லித் தொலைத்தது.

"எல்லாரும் இங்க பாருங்க. லேசா சிரிங்க. ரெடி."

கோஷம் நின்றது. குப்பம்மா தலையைக் கோதினாள். வேம்புலியம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள். நாற்பது பேரும் குடத்தை இடுப்பில் வைத்து அழகாகச் சிரித்தார்கள். பஸ் டிரைவரும் தலையை நீட்டிச் சிரித்தார். நானும் வெட்கமில்லாமல் எடுத்தேன்.

புஷ்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "யோவ், இங்க இன்னா வளைகாப்பா நடக்குது? குடிக்கத் தண்ணியில்லாம வந்து நிக்கறோம், சிரிக்கச் சொல்ற?"

குடத்தை ஓங்கினாள். கண்ணில் நீர் தளும்பியது. எப்போது ஃபோகஸ் பிடித்தேன், எப்போது பட்டனை அழுத்தினேன், எனக்கே தெரியாது.

மறுநாளே லாரி வந்துவிட்டது. மனுவும் வேண்டியிருக்கவில்லை, படமும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் புஷ்பா பிடித்த முதல் குடம் சமையலறைக்குப் போகவில்லை. நேராக என் டார்க் ரூமுக்கு வந்தது.

"இந்தா, அந்தப் படத்தக் கழுவு," என்றாள்.

சிவப்பு விளக்கில், தட்டிலிருந்த காகிதத்தில் அவள் முகம் மெல்ல ஏறியது. ஓங்கிய குடம், கண்ணீர், கோபம் எல்லாம் அப்படியே இருந்தன. கை சாகவில்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

"எங்கடி இருந்தா இவ, இத்தனை வருஷமா?"

புஷ்பா ஈரப்படத்தை உற்றுப் பார்த்தாள்.

"இந்த ஊட்லதான் கீறா. நீதான் பாக்கல."