வெளியே தெரியும் தையல்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. என் காரின் ஸ்டியரிங் தோல் பாம்புச் சட்டைபோல உரிந்து, வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் உள்ளங்கையில் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. புதுத் தோல் போட ஒரு கடைக்குப் போனேன். "முடியிற வரைக்கும் உக்காருங்க சார்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்கள். உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு பெண், போர்வையில் சுற்றிய எதையோ கைக்குழந்தைபோல அணைத்தபடி உள்ளே வந்தாள். பிரித்தால், ஒரு வேனின் ஸ்டியரிங்.

கடைக்காரர் தோல் துண்டுகளை அவள் முன்னால் பரப்பினார். எல்லோரும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டின் உட்புறத்தில்.

அதற்குள் என் வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கண்ணால் கண்டது அவ்வளவே. இனி வருவதெல்லாம் நானாகத் தைத்தது. ஆனால் அந்தக் கன்னம் என்னைத் தூங்கவிடவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தோலுக்கு ஞாபகம் உண்டு. அது தன்னைத் தொட்ட ஒவ்வொரு' — அடித்துவிட்டேன். தோலுக்கு ஞாபகமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. இருந்திருந்தால் அது மாட்டுக்கு இருந்திருக்கும்.

அடுத்தது: 'நோய் அவளிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு' — பொய். எல்லாவற்றையும் பறிக்கவில்லை. என்ன பறித்தது என்று சரியாகச் சொன்னால் போதும்.

மூன்றாவதாக வந்த வரியை வைத்துக்கொண்டேன்.

3

அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஊரில் பாதி வண்டிகளின் ஸ்டியரிங்குக்குத் தோல் தைத்தவன், கடைக்குப் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனான். கடைத்தெருவில் அவனுக்குப் பெயர் பூரான். சக்கரத்தின் உள்வளைவில் இரண்டு ஊசிகளைக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டி அவன் போடும் தையல், அத்தனை கால்களோடும் ஏதோ ஊர்ந்து போவதுபோல இருக்கும். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவன் அதையே கடைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டான்.

"ஓட்டக் கத்துக்கலாமேப்பா?" என்று கேட்டால், "செருப்புத் தைக்கிறவன் எல்லாம் ஓட்டப் பந்தயத்துக்கா போறான்?" என்பான். விஷயம் என்னவென்றால், பயம். (இந்தப் பயத்துக்குக் காரணமாக ஒரு விபத்தை எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். எனக்கு லிஃப்ட் என்றால் நடுக்கம். எந்த லிஃப்டும் என்னை ஒன்றும் செய்ததில்லை.)

போர்வையோடு வந்தவளை அவனுக்குத் தெரியும். பள்ளி வேன் ஓட்டும் அக்கா. அவன் மகள் சின்னப் பூரான் அந்த வேனில்தான் பள்ளிக்குப் போய்வந்தாள். சில மாதங்களாக வேறு யாரோ வேறொரு வண்டியில் வந்தார்கள்; அக்காவின் சொந்த வேன் சும்மா நின்றது. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"நோய் போயிடுச்சு தம்பி. ஆனா அந்த மருந்து என் விரலைத் தின்னுட்டுப் போயிடுச்சு" என்றாள்.

பூரான் பார்த்தான். பத்து விரலும் இருந்தன. நகங்கூட அழகாக வெட்டியிருந்தது.

"இருக்கு. ஆனா இல்ல. சட்டைப் பட்டன் போடணும்னா கண்ணாடியப் பார்த்துத்தான் போடுறேன். ஓட்டலாமான்னு டாக்டரைக் கேட்டேன். ஆள் இல்லாத இடத்துல ஓட்டிப் பழகுங்க, பழகிட்டுப் பரிசோதனைக்கு வாங்க, அப்புறம் பார்க்கலாம்னாரு. பழகப் போனா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது. பிடிச்சிருக்கேனா, விட்டுட்டேனான்னே தெரியல. எனக்குத் தெரியுற மாதிரி ஒரு தோல் போட்டுக் குடு."

"விரலுக்குத் தெரியலன்னா தோலுக்கு என்னக்கா தெரியும்?"

"அதான் உங்கிட்ட வந்தேன்" என்றாள், அதுவே பதில் என்பதுபோல.

4

ஒரு ஸ்டியரிங்கைப் பற்றி இதற்குமுன் நான் யோசித்ததே இல்லை. நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தும் கொஞ்சமும் பார்க்காத பொருள் வேறு என்ன இருக்கிறது? அதைப் பார்த்து ஓட்டுகிறவனை நம்பி யாரும் வண்டியில் ஏற மாட்டார்கள். கண் சாலையில் இருக்கும். மீதியெல்லாம் கை பார்த்துக்கொள்ளும். கைக்கு அப்படி ஒரு கண் இருப்பது, அது மூடிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது.*

* இந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்று மூன்று தடவை யோசித்தேன். விட்டுவிட்டேன். வியப்பைத் திருத்தி எழுத எனக்கு வரவில்லை.

பூரான் பழைய தோலைக் கத்தியால் கீறி உரித்தான். சக்கரத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, அறுத்து எடுத்து, அச்சு செய்துகொண்டான். அந்த அளவில், ஒரு மயிரிழை சிறிதாகவே தோலை வெட்டினான்; தோல் இழுத்துப் போர்த்தினால்தான் சுருங்காமல் நிற்கும். முதல் தடவை சொரசொரப்பான தோல். இரண்டாவது தடவை, விரல் படும் இடத்தில் தோலுக்கடியில் கயிறு வைத்து மேடு கட்டினான். இரண்டையும் அவள் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. பார்க்க."

மூன்றாவது தடவை அவன் ஒன்றும் தைக்கவில்லை. சக்கரத்தை மேஜைமேல் இடுக்கியில் மாட்டி, அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நூல்கண்டின் முனையால் அவள் கையில் அங்கங்கே அழுத்தினான்.

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

விரல் நுனி, நடுக்கணு, உள்ளங்கையின் நடு. எல்லாம் இல்லை, இல்லை. கட்டை விரலுக்குக் கீழே, கை மணிக்கட்டோடு சேரும் அந்தச் சதைமேட்டில் அழுத்தியபோது அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"அய்யோ! அங்க இருக்கேன் நான்."

அந்த வாக்கியத்தை நான் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேனாவுக்கு முன்னால் அவளே சொல்லிவிட்டதுபோல இருந்தது.

இப்போது ஒரு சிக்கல். அந்தச் சதைமேடு படுவது சக்கரத்தின் வெளிமுகத்தில். தையலைப் போட்டுவிட்டு உள்வளைவில் மறைப்பதுதான் தொழில். இவளுக்கு வேண்டியதோ, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முகத்திலேயே ஒரு தடித்த தையல்.

"அசிங்கமா இருக்கும்க்கா. வெட்டுக்காயத்துக்குத் தையல் போட்ட மாதிரி. கடைப் பேரு கெட்டுடும்."

"எனக்கு அசிங்கமாத்தான் வேணும். நல்லா அசிங்கமாப் போடு."

போட்டான். மெழுகு தேய்த்த தடித்த நூல். சக்கரம் நேராக நிற்கும்போது உச்சியில் வருமிடத்தில் ஒரு பெரிய முடிச்சு. கியர் குமிழுக்கும் அதே தோலை ஆரஞ்சுச் சுளைபோல நான்காக வெட்டித் தைத்து, சுளைகள் கூடும் உச்சியில் நூலைப் புடைக்க விட்டான். கூலியை எப்படிச் சொல்வது என்று அவன் தயங்கிக்கொண்டிருக்கும்போது அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"நீ கூட வரணும் தம்பி. பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் எங்க தப்புன்னு உனக்குத் தெரியும்."

5

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு பிடிவாதம் எதற்கு? வேறு வேலை பார்க்கக் கூடாதா? கேட்டுப் பார்த்தேன். எழுதுகிறவனுக்குப் பாத்திரங்கள் பதில் சொல்வதில்லை என்பார்கள். இவள் சொன்னாள்: "உங்க கையை முறிச்சுட்டு, வேற வேலை பாருங்கன்னு நான் சொல்லட்டுமா?" மேற்கொண்டு நான் கேட்கவில்லை.)

6

விடுமுறை நாளில் பூட்டிக் கிடந்த ஒரு சரக்குக் கிடங்கின் பெரிய முற்றம். பூரான் பெல்ட்டைப் போட்டு, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அது பிஞ்சு வந்துடும் தம்பி."

"நீங்க ரோட்டைப் பாருங்கக்கா."

வண்டி நகர்ந்தது. முதல் திருப்பம் வந்தது. அப்போதுதான் பூரான் அதைப் பார்த்தான்.

ஸ்டியரிங்குகளை அவன் மடியில் வைத்துத் தெரியும். இடுக்கியில் மாட்டித் தெரியும். ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டுத் தெரியும். தான் தைத்த ஒன்றுகூட வண்டியில் சுழன்று அவன் பார்த்ததில்லை. இதோ, அவன் போட்ட அசிங்கமான தையல் அவள் கையின் சதைமேட்டுக்கு அடியில் ஊர்ந்து மேலே ஏறியது, கவிழ்ந்தது, மறுபக்கம் இறங்கியது. வண்டி நிமிரும்போது அவள் பிடியைத் தளர்த்தினாள். சக்கரம் தானாகச் சுழன்று திரும்பியது. தையல் ஒவ்வொன்றாகக் கைக்கடியில் ஓடியது. முடிச்சு வந்ததும் கை மூடிக்கொண்டது.

"வந்துடுச்சு" என்று அவள் முணுமுணுத்தாள். கண் முன்கண்ணாடியை விட்டு நகரவில்லை.

பூரான் கைப்பிடியை எப்போது விட்டான் என்று அவனுக்கே தெரியாது. ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஊசி பார்த்திராத ஒன்றை அந்தக் கை பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ஜின் எங்க கேக்குது தெரியுமா? முழங்கையில. இத்தனை வருஷமா அங்க ஒண்ணு கேக்குதுன்னே எனக்குத் தெரியாது."

யாருமில்லை என்று நினைத்த கிடங்கின் மூலையிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வந்தது. பூரான் "அக்கா" என்று வாயெடுப்பதற்குள் வேன் நின்றிருந்தது.

"எப்படிக்கா பார்த்தீங்க?"

"பார்க்கிறதுக்கு விரல் எதுக்குத் தம்பி?"

இருவரும் சிரித்தார்கள். வண்டியை மறுபடி எடுத்தாள். வேகம் கூடி, அடுத்த கியர் போடும்போது, கண் மூடித் திறக்கும் நேரம், அவள் குனிந்து குமிழைப் பார்த்தாள்.

பூரான் அதையும் பார்த்துவிட்டான்.

"குனிஞ்சீங்க."

முற்றத்தின் மறுமூலை வரை அவள் ஓட்டினாள். "ஆமா. குனிஞ்சேன்" என்றாள்.

7

குமிழை அவன் மாற்றினான். உருண்டையை விட்டு, மேலே தட்டையாக, கை முழுக்க உட்காரும் காளான் வடிவத்தில் ஒரு கட்டையைக் கடைந்து வாங்கி, புதிதாகத் தோல் தைத்தான். அவள் நாள்தோறும் பழகினாள். பரிசோதனையில் தேறினாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடம் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. ஆக, இனி அவள் ஓட்டுவாள்.

மிச்சமிருப்பது பூரானின் வீடு.

"ஏங்க, நாளையிலேர்ந்து அக்காதான் வேன் எடுக்கிறாங்களாம். பாப்பாவை அனுப்பட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

"டாக்டரே சரின்னுட்டாரு."

"டாக்டர் பாப்பாவா போகுது? கூட உக்காந்து பார்த்தது நீங்கதான். உங்க கை மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா, இல்லியா?"

"என் கை மேல இருக்கு."

"அப்புறம் என்ன?"

அவன், உச்சியில் அந்த முடிச்சு வந்ததும் மூடிய கையை நினைத்தான். குனிந்த தலையையும் நினைத்தான். இரண்டும் ஒரே ஆளுடையவை.

8

முடிவுகள் என்னிடம் சில இருந்தன.

ஒன்றில் விபத்து நடக்கிறது. அதை எழுதிய தாளைக் கிழித்தேன். அவளைத் தண்டிக்க நான் யார்?

இன்னொன்றில் குழந்தைகள் எல்லோரும் கைதட்ட, வேன் வெயிலில் மின்னிக்கொண்டு — சீச்சீ.

மூன்றாவதில் மாலை வீடு திரும்பிய சின்னப் பூரான், "அப்பா, அக்கா ஒருதடவகூடக் குனியவே இல்ல" என்கிறாள். இதுதான் என்னை ரொம்ப நாள் மயக்கியது. ஆனால் பெரியவர்கள் எடுக்க வேண்டிய முடிவுக்கு ஒரு குழந்தையைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமில்லை. அதுவும் சாட்சி சொல்ல அவள் முதலில் வேனில் ஏறியிருக்க வேண்டும்.

அதனால் நான் காலையோடு நிறுத்திக்கொள்கிறேன். வேன் வாசலில் வந்து நிற்கிறது. அக்கா ஹாரன் அடிக்கவில்லை. பூரான் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறான். அவன் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிடுகிறது. என்ஜினை அணைக்கிறாள். கோபமில்லை.

"அவசரமில்ல தம்பி. யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, அவன் பக்கம் திரும்பாமல் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறந்திருக்கிறது. உள்ளே மற்ற குழந்தைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனைவி வாசற்படியில் நிற்கிறாள்.

பூரானின் கையில் உணர்வுக்குக் குறைவில்லை. மகளின் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன: சுண்டுவிரலின் ஈரம், கட்டைவிரலில் காய்ந்த பசை, ஓடத் துடிக்கும் இழுப்பு.

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். கை இப்போது உங்களுடையது. விடுவதோ பிடிப்பதோ, நீங்கள்தான் செய்ய வேண்டும்.