கலைந்த தலை

செய்தித்தாள் சுற்றிய படத்தைப் பாதி பிரித்ததுமே பிம்பாவின் கை நின்றுவிட்டது. நெற்றி தெரிந்தது. நெற்றிக்கு மேலே கலைந்த முடி தெரிந்தது. மிச்சத்தைப் பிரித்துத்தான் அது எந்தப் படம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை.

"எப்படி இருக்கிறது?" என்றான் ஹென்னிங். சந்தையிலிருந்து கோயில் மண்டபம் வரை படத்தைத் தலைக்குமேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். சட்டை முழுக்க வியர்வை. "நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிற படம்தான். இங்கே ஸ்டூடியோவில் பெரிதாக்கித் தந்தார்கள். என் கையை மட்டும் அழித்துவிட்டார்கள். ஸ்டூடியோக்காரர்கூடப் படத்தைப் பார்த்துச் சிரித்தார்."

ஹென்னிங் டென்மார்க்காரன். தாய்லாந்து பாஷையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பன்னிரண்டு வருஷம் இந்த நாட்டில் குப்பை கொட்டியும், வாயைத் திறந்தால் வானொலியில் செய்தி வாசிப்பது போலத்தான் இருக்கும். அவன் பெயரை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் பெட்சபுரியில் எல்லோருக்கும் அவன் 'நிங்'. அது பொம்பளைப் பிள்ளைகளுக்கு வைக்கிற செல்லப்பெயர். அதையும் அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

பிம்பா அவனைப் பார்த்துச் சிரித்தாள். வேறென்ன செய்வது? காலையில் விஷயம் தெரிந்ததும் பாங்காக்கிலிருந்து அவள் கிடைத்த முதல் வேனைப் பிடித்துக் கிளம்பியபோது, "சிரித்த முகமாக ஒரு படம் என்னிடம் இருக்கிறது, கொண்டு வரட்டுமா?" என்று போனில் கேட்டான். அப்பா போன அதிர்ச்சியில், எந்தப் படம் என்றுகூடக் கேட்காமல் 'ம்' கொட்டிவிட்டாள். ஒரு 'ம்' எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது பாருங்கள்.

அப்பா சங்வான் காலையில் தன் சலூன் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா சம்லீ காபி கொண்டுவந்து வைத்தாள். தூங்குகிறார் என்று நினைத்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது காபி ஆறியிருந்தது. எழுபத்தாறு வயது, வலி இல்லை, படுக்கை இல்லை. கொடுத்துவைத்தவர் என்று ஊரே சொன்னது. பிம்பாவுக்கும் அழுகைக்கு நடுவே அப்படித்தான் தோன்றியது.

தம்பி தவோன் எட்டிப் பார்த்துவிட்டு அவளை ஓரமாக இழுத்தான்.

"அக்கா, இத வெக்கவா போறோம்? ஊரே அந்தச் சிரிப்பப் படிச்சிருமே."

"நீ போய் அவர்கிட்ட சொல்லேன்."

"நானா? உன் புருஷன். நீ சொல்லு. பன்னெண்டு வருஷமா சொல்லாம வெச்சிருந்தது நீதானே."

அது உண்மைதான்.

சங்வான் நாற்பது வருஷம் இந்த ஊர்த் தலைகளுக்கு முடி வெட்டியவர். உயிர் குடியிருக்கிற இடம் தலை என்பது இந்த ஊர் நம்பிக்கை; அடுத்தவர் தலையில் கை வைக்கச் சலூன்காரருக்கும் உரிமை கிடையாது. அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பின்னாலும் நின்று, கைகூப்பி, "மன்னிச்சுக்கங்க" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். தன் தலையை யாரிடமும் கொடுத்ததில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்துத் தானே வெட்டிக்கொள்வார். அவர் தலை கலைந்து பெண்டாட்டியே பார்த்ததில்லை என்று ஊரில் பேச்சு.

அந்தத் தலையைத்தான் கல்யாணத்தன்று மாப்பிள்ளை கலைத்துவிட்டான். பெரியவர்கள் எல்லோரும் மணமக்கள் கையில் நீர் வார்த்து முடிந்தது. குடும்பத்தோடு படம் எடுக்க நின்றார்கள். பின்னால் நின்ற ஹென்னிங் சந்தோஷம் தாங்காமல், முன்னால் இருந்த மாமனாரின் தலையில் கையை வைத்துப் பரபரவென்று கலைத்தான். இருநூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள். சங்வான் சிரித்தார். படம் எடுப்பவன் அந்த நேரம் பார்த்து அமுக்கித் தொலைத்தான்.

அது எல்லோருக்கும் தெரிந்த சிரிப்பு. 'இந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நீ பிழைத்தாய்' என்கிற சிரிப்பு. காட்டிய பல்லில் கோபம் முழுக்க இருக்கும். பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஹென்னிங்குக்குத் தெரியவில்லை. "உன் அப்பாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது, அல்லவா?" என்று அன்றைக்கு அவளிடம் கேட்டான். அவனைப் பெற்றவர் அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. வாழ்த்தி ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அப்படிப்பட்டவனிடம் எப்படி இல்லையென்று சொல்வது? பிம்பா சிரித்தாள். அதையும் அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். படத்தைக் கூடத்தில் மாட்டினான். வேலை போன சமயத்திலும், இந்த ஊர் எனக்குச் சரிப்படாது என்று மனம் உடைந்த நாட்களிலும் அதன் முன்னால்தான் போய் நிற்பான். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிம்பாவுக்குக் குற்ற உணர்ச்சி குறுகுறுக்கும்.

இப்போது அம்மா வந்தாள். படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அதை, அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டில் அருகே பலகைமேல் சாய்த்து வைத்து, இரண்டு பக்கமும் பூச்சாடியை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். அம்மாவின் சிரிப்பெல்லாம் பிம்பாவுக்கு அத்துப்படி. இது மட்டும் பிடிபடவில்லை.

பிற்பகல் ஊர் வரிசையில் வந்தது. வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்த சங்வானின் வலது கை வெளியே நீட்டியிருந்தது. ஒவ்வொருவராக மல்லிகை மிதக்கிற நீரை அந்த உள்ளங்கையில் வார்த்து, "ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிரு" என்று சொல்லி நகர்ந்தார்கள். நகரும்போது படத்தைப் பார்த்தார்கள். முதலில் சிரிப்பை, அப்புறம் முடியை, அப்புறம் திரும்பி ஹென்னிங்கைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர் பிரசோப்புக்கு ஹென்னிங் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தான். "அனைவரும் சிரிக்கிறார்கள். நல்லது. எங்கள் நாட்டுப் புத்தகங்களில், உங்களிடம் பதிமூன்று வகைச் சிரிப்பு உண்டு என்று எழுதியிருக்கிறது."

"பதிமூணா?" என்றார் பிரசோப். "எங்க வீட்டம்மாகிட்ட மட்டுமே அதுக்கு மேல இருக்கே! புத்தகம் எழுதினவன் கல்யாணம் ஆகாதவனா?"

பிறகு படத்தைப் பார்த்தார். நாக்கு சும்மா இருக்கவில்லை. "சங்வான் தல கலைஞ்சு நான் ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன் நிங். உன் கல்யாணத்துல."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது. அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு வேகமாக நகர்ந்தார்.

ஹென்னிங் சிரிப்பைப் படிப்பதில்தான் தடுமாறுவான், முட்டாள் இல்லை. கொஞ்ச நேரம் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மண்டபத்துக்குப் பின்னால், பனம்பழப் பணியாரத்தைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்த பிம்பாவிடம் வந்தான்.

"பிம்பா, அது எந்தச் சிரிப்பு?"

"எது?"

"உனக்குத் தெரியும்."

அவள் சிரித்தாள்.

"இப்போது சிரிக்காதே. தயவுசெய்து."

தட்டைக் கீழே வைத்தாள். "கோவம், நிங். ரொம்பக் கோவம். அத்தன பேருக்கு முன்னாடி அப்பா தலையில கைய வெச்சிட்ட. கத்தினா உனக்கு அசிங்கம், கல்யாண வீட்டுக்கும் அசிங்கம். அதான் சிரிச்சாரு."

அவன் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. "தலையைத் தொடக்கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் சிரித்தாரே. எனக்கு மட்டும் அனுமதி உண்டு என்று நினைத்தேன்."

பிம்பா அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் அதற்குள் மண்டபத்துக்குள் போய்ப் படத்தைத் தூக்கிவிட்டான். பூச்சாடி ஒன்று உருண்டது. வரிசை அப்படியே நின்றது.

"எங்க தூக்கிட்டுப் போற?" என்றாள் அம்மா.

"இது தவறான படம், அம்மா. மன்னியுங்கள். இதில் அவர் என்மேல் கோபமாக இருக்கிறார்."

"ஆமா, கோவந்தான்" என்றாள் அம்மா, சர்வ சாதாரணமாக. "நாலு நாள் அந்த மனுஷனுக்குச் சோறு எறங்கல. கண்ணாடிய விட்டு நகராம தலையத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே நின்னாரு, என்னமோ கழண்டு போன மாதிரி."

வரிசையில் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அம்மா!" என்றாள் பிம்பா.

"நீ சும்மா இருடி. நிங், இங்க பாரு. உனக்கு முடி வெட்டறதுக்கு முன்னாடி அவரு எத்தன தடவ கும்பிடுவாரு?"

ஹென்னிங் யோசித்தான். "இரண்டு தடவை."

"பிரசோப்பண்ணே, உங்களுக்கு?"

"ஒரு தடவதான்" என்றார் தபால்காரர் தூரத்திலிருந்து. "கூட்டமா இருந்தா அதுவும் கெடையாது."

"எனக்கும் ஒண்ணுதான்" என்றான் தவோன். "பெத்த புள்ளைக்கே ஒண்ணுதான்."

அம்மா படத்தை ஹென்னிங்கின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நானும் கேட்டேன். மாப்பிள்ளைக்கு மட்டும் என்னய்யா ரெண்டுன்னு. 'ஒண்ணு நான் அவன் தலையத் தொடறதுக்கு. இன்னொண்ணு அவன் என் தலையத் தொட்டதுக்கு. அந்தப் புள்ளைக்கு மன்னிப்புக் கேக்கணும்னே தெரியாது, பாவம். அவனுக்குப் பதிலா நானே கேட்டுக்கறேன்'னாரு. யார்கிட்டய்யா கேக்கறன்னேன். 'என் தலகிட்டதான்'னாரு. மாசா மாசம் கேட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

பிம்பாவுக்கும் இது தெரியாது. பன்னிரண்டு வருஷமாக அப்பாவின் கோபத்தைக் கணவனிடமிருந்து மறைத்துக் காப்பாற்றி வந்ததாக நினைத்தாளே, மறைப்பதற்கு அங்கே கோபமே மிச்சமில்லை. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே கண்ணீர் பொங்கியது. இறந்தவர்மேல் கண்ணீர் பட்டால் அவருக்குப் போக மனசு வராது என்பார்கள். சட்டென்று இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

நீர் வார்ப்பது முடிந்தது. காரியம் பார்க்கிற கோயில் ஆள், துணியைச் சரிசெய்துவிட்டு, "தல சீவணும். யாரு, மகனா?" என்றார்.

தவோன் முன்னால் வந்தான். அம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். மடியிலிருந்து அப்பாவின் கடைச் சீப்பை எடுத்து ஹென்னிங்கிடம் நீட்டினாள்.

"கலைச்சவன் நீ. நீயே சீவி விடு."

ஹென்னிங் சீப்பை வாங்கிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றான். சீப்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் கும்பிட்டான். "மன்னித்துக்கொள்ளுங்கள், அப்பா" என்றான் செய்தி வாசிக்கிற குரலில். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை கும்பிட்டான். இரண்டாவது யாருக்கு என்று பிம்பா கேட்கவில்லை.

ஈரமாக இருந்த வெள்ளை முடியைச் சீவினான். போகிறவருக்காக முன்பக்கம் ஒரு தடவை, இருக்கிறவர்களுக்காகப் பின்பக்கம் ஒரு தடவை. பிறகு வழக்கப்படி சீப்பை ஒடிக்க வேண்டும். வளைத்தான், ஒடியவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினான், ஒடியவில்லை.

"அது நல்ல சீப்பு நிங், அந்தக் காலத்துச் சரக்கு!" என்றார் பிரசோப்.

படீரென்று ஒடிந்து, ஒரு துண்டு பறந்துபோய்த் தவோன் நெற்றியில் பட்டது. மண்டபம் முழுக்கச் சிரித்தது; அம்மாவும் சிரித்தாள். ஹென்னிங் காது சிவக்க, தலையைக் கொஞ்சம் குனிந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். தப்புப் பண்ணியவன் கேட்காமல் கேட்கிற மன்னிப்பு அது. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தவோன் துண்டைப் பொறுக்கிக் கொடுத்தான். இரண்டு துண்டையும் அப்பாவின் பக்கத்தில் வைத்துப் பெட்டிக்குள் இறக்கினார்கள். பெட்டி மூடியதும் அதன் முன்னால் அம்மா படத்தைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தாள். கோணலாக இருக்கிறதா என்று பார்த்து, சட்டை நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள்.

படத்தில் மட்டும் முடி கலைந்தே இருந்தது.