புஷ்பவல்லி தூங்கும் அறைக்கு ஒரு விளக்கு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எந்த விளக்கு வாங்குவது என்று தெரியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். 1995, மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸ். கதாநாயகன் சபாபதி, வீட்டு ஹாலில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறான். அதிலுள்ள உயிர்ப்பவளம் டியூப் வெளிச்சம் போதாமல் நாளுக்கு நாள் சுருங்குகிறது.

முதல் தொடக்கம்: 'கிழக்கே கடல் சிவந்தபோது சபாபதி...' வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் ஏது கடல்?

2.
கிள்ளானில் மீன்கடை வைத்திருக்கும் நாகையாவிடம் போகிறான்.

"மெட்டல் ஹாலைட் லைட் போடுங்கண்ணே. புதுசு, வெயில் மாதிரி அடிக்கும். ஆனா தண்ணி சூடாயிரும் லா. ஏர்கான் ரூம்ல வெச்சாத்தான் தாங்கும்."

"நீல டியூப்?"

"சூடு இல்ல. பவளம் பொழைக்குமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

(நாகையா பொய் சொன்னால் காதைச் சொறிவான். அன்று சொறியவில்லை. அதுதான் என்னைக் குழப்புகிறது.)

3.
வீட்டில் ஏர்கான் உள்ளது ஒரே அறையில். பகலெல்லாம் அங்கே மனைவி புஷ்பவல்லி தூங்குகிறாள். ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் நர்ஸ். விளக்கோ தினமும் பத்து மணி நேரம் எரிய வேண்டும். இரவில் எரியவிடலாமே என்பீர்கள். இரவில் அங்கே தூங்குவது சபாபதி. அவனுக்கு வெளிச்சத்தில் தூக்கம் வராது.

4.
முடிவு அ: நீல டியூப். பவளம் சாகிறது. எட்டு மாதம் வளர்த்தவன் அழுகிறான்.

முடிவு ஆ: படுக்கையறையில் மெட்டல் ஹாலைட். பவளம் விரிகிறது. தூக்கம் கெட்ட புஷ்பவல்லி வார்டில் ஊசியை மாற்றிப் போட்டு...

இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது.

5.
சபாபதி நான்தான். கண்டுபிடித்திருப்பீர்கள். பெயரை மாற்றியும் பலனில்லை, அவள் பெயரை மாற்ற மறந்துவிட்டேன்.

நேற்று இந்தத் தாள்களை மேசையிலேயே விட்டுப் போயிருந்தேன். வந்து பார்த்தால் 'முடிவு ஆ'வுக்குப் பக்கத்தில், வார்டுக் குறிப்பு எழுதும் அவள் கையெழுத்து: 'ரூம்லயே வைக்கட்டும். அவ கண்ணுல துணி கட்டிக்குவா.'

'அவ' என்றால் கதையில் வருகிறவளா, அவளேதானா? கேட்கலாம் என்று போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் படாமலிருக்க முழங்கையால் கண்ணை மூடியிருந்தாள். வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை முடிவு யோசித்தேனே, துணியைச் சபாபதியின் கண்ணில் கட்டலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

விளக்கு வாங்கக் கிள்ளானுக்குக் கிளம்புகிறேன். இரவில் எரிவதா, பகலில் எரிவதா, துணி யார் கண்ணுக்கு என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். என்னை நம்பி விடாதீர்கள். நான் தூக்கத்தை விட்டுக்கொடுத்துப் பழகாதவன்.