மணிக்கட்டில் ஒரு கட்டி

உங்களுக்குக் கிட்னி கொடுத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கிட்னிக்கே உலை வைக்கும் காரியம் ஒன்றைச் செய்ததாக டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்வீர்களா?

தச்சர் சொல்லவில்லை.

ஏழு மாதத்துக்கு முன் அக்காவின் கிட்னி அவருக்குப் பொருத்தப்பட்டது. உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரை நோயைத் தடுக்கும் சக்தியையும் சேர்த்தே குறைத்துவிடும். அதனால் ஒரு வருடத்துக்கு மண், மரத்தூள் பக்கமே போகக் கூடாதென்று எழுதியே கொடுத்திருந்தார்கள். இப்போது மணிக்கட்டில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை.

"மரவேலை ஏதாவது செஞ்சீங்களா?" டாக்டர் கேட்டார்.

"இவனா? உளி, இழைப்புளி எல்லாத்தையும் நான் பூட்டி வெச்சிருக்கேன் டாக்டர். என் கிட்னியை வெச்சுக்கிட்டு இவன் தும்மணும்னாகூட என்னைக் கேக்கணும்," என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்தார். தச்சரும் சிரித்துவைத்தார். "இல்லைங்க டாக்டர்."

"அப்போ சாதாரணக் கட்டியாத்தான் இருக்கும். பத்து நாள் மாத்திரை தர்றேன்."

சாவி இருக்கும் இடம் தச்சருக்குத் தெரியும். போன மாதம் அக்கா வெளியே போன நேரத்தில், பின்பக்கம் மக்கிக் கிடந்த ஜன்னல் சட்டத்தை எடுத்து இழைத்தார். கை சும்மா கிடக்க மாட்டேன் என்றது. மணிக்கட்டில் சிராய் ஏறியது. ஊசியால் கிளறி எடுத்துப் போட்டார். முழுசாக வந்ததா என்று பார்க்கவில்லை.

மருந்து வாங்கும் வரிசையில் அவருக்கு முன்னால் நான்கு பேர்.

"அக்கா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லு. அடிக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்."

சொன்னார். அக்கா அடிக்கவில்லை. சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"டாக்டர், இந்த மூதேவி உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கு."

டாக்டர் கட்டியை மறுபடி அழுத்திப் பார்த்தார். "மக்கின மரத்துல ஒரு பூஞ்சை இருக்கும். ரொம்ப அபூர்வமாத்தான் ஆளைப் பிடிக்கும். நமக்கு ஒண்ணும் ஆகாது. இவருக்கு மூளை வரைக்கும்கூடப் போகலாம். உடனே அறுத்து எடுக்கணும். பூஞ்சைதான்னு தெரிஞ்சா கிட்னி மாத்திரையையும் குறைக்கணும்."

"குறைச்சா?"

"கிட்னி போனாலும் போகும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"ஆளு இருந்தாப் போதும், குறைங்க. ஆனா என்கிட்ட மிச்சமிருக்கிறதைத் தர மாட்டேன். அதையும் இப்பவே எழுதிக்குங்க."

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கட்டியை அறுத்து எடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் பூஞ்சை இருந்தது. கிட்னி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள்.