ஒரே போஸ்டருக்குள் மூன்று படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கிக் கொடுத்த கையோடு சிவபாண்டி டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஹார்டு டிஸ்க்கில் இடமில்லை என்று நான்கு நாளாகச் சிவப்பு எழுத்து மிரட்டிக்கொண்டிருந்தது. வில்லாபுரத்தில் அந்தத் தெருவிலேயே வீட்டுக்குள் சர்வர் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அவன் வேலை பார்க்கும் கல்லூரியின் லேபில் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே உட்கார்ந்து அறுநூறு படங்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. ஒரே படம் இரண்டு மூன்று தடவை கண்ணில் பட்டால் அவனுக்குக் கை பரபரக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பெயரை ஒன்றுபோல வைத்து, கடைசியில் மட்டும் எந்தப் பதிப்பு என்று எழுதிவிட்டால் திரையில் ஒரே போஸ்டராக வந்து நிற்கும். அமுக்கினால் இருப்பதிலேயே துல்லியமானதை அதுவே எடுத்து ஓட்டும். மற்றவை போஸ்டருக்குப் பின்னால் சத்தமில்லாமல் கிடக்கும்.

அப்படி ஒரு படத்துக்கு மூன்று பதிப்புகள் இருந்தன. போன வருஷம் மெருகேற்றி வெளியிட்டது ஒன்று, பழைய டிவிடி டிஸ்க்கிலிருந்து எடுத்தது ஒன்று, எப்போதோ டிவியில் ஓடியபோது பதிவு செய்தது ஒன்று. கடைசியதில் படம் மங்கல், மூலையில் சேனல் முத்திரை வேறு. இன்றைக்காவது அதை அழித்துத் தொலைக்கலாம் என்று போனவனின் கை நின்றுவிட்டது. பாதி பார்த்து நிறுத்தியதற்கு அடையாளமாக அதன் கீழே ஒரு கோடு ஓடியிருந்தது. நின்ற இடம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பது விநாடி. கடைசியாக ஓடியது நேற்று மத்தியானம் இரண்டரைக்கு. எது எப்போது ஓடியது என்ற பழைய கணக்கைத் தோண்டினான். முந்தாநாளும் இரண்டரை. அவன் வீட்டிலிருந்த போன ஞாயிறு நீங்கலாக, ஒன்பது நாளும் அதே நேரம், அதே இடம்.

அந்த இடத்தில் வருவது யார் என்று அவனுக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் திருவாதவூரில் ஒரு திருவிழாக் காட்சி எடுத்தார்கள். ஊர்ச்சனத்தையே கூட்டமாக நிறுத்தினார்கள். பிறந்த வீட்டுக்குப் போயிருந்த அவன் மனைவி பாண்டிமீனாவும் மூன்றாவது வரிசையில் போய் நின்றுகொண்டாள். கேமராவைப் பார்க்காதீர்கள் என்று மைக்கில் தொண்டை கிழியக் கத்தியும், அவள் புறங்கையால் முடியை ஒதுக்கிவிட்டு நேராகப் பார்த்துவிட்டாள். நான்கு விநாடி. மெருகேற்றியபோது அந்தப் பார்வையை வெட்டிவிட்டார்கள், முதுகு மட்டும் வரும். டிஸ்க்கில் பாதி முகம். டிவியில் பதிந்ததில்தான் முழுசாகப் பார்ப்பாள்.

பாண்டிமீனா போய் மூன்று வருஷம் ஆகிறது. மூளைக் காய்ச்சல், ஐந்தே நாள். இரண்டாவதாகச் சோலையைக் கட்டிப் பதினோரு மாதம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் சுவரில் இருந்த போட்டோக்களை இறக்கித் திருவாதவூர் மாமனார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்கேதான் இந்த மூன்றையும் ஒரே போஸ்டருக்குள் போட்டு மூடினான். ஒழுங்குபடுத்துகிறேன் என்று தனக்கே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டான். புதிதாக வருகிறவள் தெரியாமல் அமுக்கினாலும் முதுகுதானே வரும். அழிக்க மனசு வரவில்லை, எதிரே வைத்துக்கொள்ளத் தைரியமும் இல்லை.

பகலில் வீட்டில் இருப்பது சோலை மட்டும்தான். அவளுக்கோ படம் என்றாலே கொட்டாவி வந்துவிடும். மத்தியானம் இரண்டரைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு இந்த டிவி முன்னால் வந்து உட்காருவது பாண்டிமீனாவின் வழக்கம். கம்ப்யூட்டர் படித்தவன், பேய் பிசாசு என்றால் கேலி பேசுகிறவன், அவனுக்குக் குப்பென்று வியர்த்தது. அந்த இடத்திலிருந்தே ஓட்டினான். மேளச் சத்தம், கூட்டம், பாண்டிமீனா திரும்பினாள்.

"அங்கனயே நிறுத்துங்க."

பின்னால் சோலை நின்றிருந்தாள். கையெல்லாம் மசாலா.

"நீயா பாத்த?"

"பின்ன யாரு வந்து பாப்பாக? உங்க தங்கச்சிதான் சொன்னுச்சு, அக்கா இந்தப் படத்துல வருதுன்னு. சும்மா அமுக்குனா முதுகுதான் வருது. அம்புக்குறிய கீழ நகத்துனா மூணு வருதுல்ல, அதுல கடைசி."

"எதுக்குடி?"

"ஆடி வெள்ளிக்கு அக்காவுக்குச் சேலை வைக்கணும்னு அத்தை போன்ல சொன்னாக. அக்காவுக்குப் பிடிச்ச கலரா இருக்கணும்ல. உங்ககிட்ட கேக்கலாம்னா, பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருறீக." டிவிக்கு அருகில் வந்து குனிந்தாள். "இதுல நீலமா இருக்கு. புதுசுல பச்சையா இருக்கு. எதுங்க நெசம்?"

மூத்தாள் சுமங்கலியாகப் போயிருந்தால் ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, அதை இளையாள் உடுத்துவது அவன் வீட்டுப் பழக்கம். அது அவனுக்கு மறந்தே போயிருந்தது. அந்தச் சேலை அவனே விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் நின்று எடுத்துக் கொடுத்தது. சட்டென்று சொல்லிவிட வாயைத் திறந்தான். நிறம் நினைவுக்கு வரவில்லை. மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டினான். ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை, டிஸ்க்கில் சாம்பல். கடையின் மின்விசிறி நினைவிருந்தது. "இதே இருக்கட்டுங்க" என்று அவள் சொன்ன குரல் நினைவிருந்தது. சேலையை மட்டும் எவ்வளவு யோசித்தாலும், கடையில் நின்ற பாண்டிமீனா மேல் இந்த மூன்றில் ஒன்றுதான் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் சேலைகளையெல்லாம் பதினாறாம் நாள் கழிந்ததும் சொந்தக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்தாயிற்று. ஏழு வருஷம் கூட வாழ்ந்தவளை இப்படியா தொலைப்பது என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

"தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க."

"தெரியல, சோலை."

அவள் நிமிர்ந்தாள். "சரி, ரெண்டு கலர்லயும் எடுப்போம். இதை மட்டும் அழிச்சிராதீங்க. இம்புட்டு நாளா இவுககூடத்தான் சாப்பிடுறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை என்று, சோலை டிவியையே துடைத்து படத்தை அதே நாற்பதாவது விநாடியில் நிறுத்தி வைத்தாள். திரையில் பாண்டிமீனாவின் நெற்றி எங்கே என்று தேடி, கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். முன்னால் வாழையிலை, தேங்காய், நீலத்தில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு சேலைகள். சிவபாண்டி கண்ணை மூடிக் கும்பிட்டான். என்ன கேட்பது என்று தெரியாமல் வெகுநேரம் மூடியே இருந்தான். இலையிலிருந்து சேலையை எடுக்கும் சரசரப்பு கேட்டது, உள்ளறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது டிவி தானாக அணைந்து கறுப்பாகிக் கிடந்தது. ரொம்ப நேரம் யாரும் தொடாவிட்டால் அது அப்படித்தான் செய்யும், அவனே வைத்த ஏற்பாடு. பாண்டிமீனா இல்லை, குங்குமம் மட்டும் கண்ணாடியில் நின்றது. இலையில் எந்தச் சேலை மிச்சம் என்று குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். அவன் பார்க்கவில்லை. பின்னால் கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் புதுச்சேலை கட்டிய ஒருத்தி மெல்ல நடந்து வந்தாள். சேலை நீலமாகவும் தெரியவில்லை, பச்சையாகவும் தெரியவில்லை. நெற்றி சரியாக அந்தக் குங்குமத்துக்கு நேரே வந்ததும் நின்றாள். புறங்கையால் முடியை ஒதுக்கிவிட்டு நேராக அவனைப் பார்த்தாள்.